அனுபவமுள்ள ஸ்டிரைக்கருக்குப் பெரிய விலை கொடுக்கலாமா? ஒரு கிளப் முடிவெடுக்க வேண்டிய வரிசை

கால்பந்து கிளப்புகளில் ஸ்டிரைக்கர், அதாவது கோல் அடிப்பதற்கென்றே முன்வரிசையில் ஆடுபவர், ஒருவரை வாங்கும் கூட்டங்கள் பெரும்பாலும் ஒரு பெயரில்தான் தொடங்குகின்றன. யாரோ ஒருவர் பெயரைச் சொல்வார். மேசையைச் சுற்றியிருப்பவர்களின் முகம் மலரும். அதன் பிறகு நடப்பதெல்லாம் அந்தப் பெயருக்கு நியாயம் தேடும் வேலைதான். வீரர் தேர்வுப் பிரிவில் பல ஆண்டுகள் இருந்தவன் நான். சில நல்ல முடிவுகளிலும் சில மோசமான முடிவுகளிலும் எனக்குப் பங்கு உண்டு. மோசமானவற்றைத் திரும்பிப் பார்த்தால், வீரர் மோசமானவராக இருந்தது மிகக் குறைவு. கடைசியில் கேட்க வேண்டியதை முதலில் கேட்டிருந்தோம், அவ்வளவுதான்.

கீழே ஒன்பது படிகள் இருக்கின்றன. முப்பது வயதை நெருங்கிய அல்லது கடந்த, பெரிய சம்பளம் வாங்கும் ஸ்டிரைக்கரை மனத்தில் வைத்து எழுதியிருக்கிறேன். வரிசையை மாற்றாதீர்கள். ஒரு படியில் "வேண்டாம்" என்று விடை வந்தால் அடுத்த படிக்குப் போகத் தேவையில்லை. பணமும் நேரமும் மிச்சம்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

உங்கள் அணி கடந்த இரண்டு சீசன்களில் அடித்த ஒவ்வொரு ஷாட்டும் எங்கிருந்து, எப்படி வந்தது என்ற பட்டியல் வேண்டும். வாங்க நினைக்கும் வீரர் கடந்த மூன்று சீசன்களில் ஆடிய நிமிடங்களும், தவறவிட்ட ஆட்டங்களும், தவறவிட்டதற்கான காரணங்களும் வேண்டும். உங்கள் அணியின் முழுச் சம்பளப் பட்டியல் வேண்டும். நிதிப் பிரிவு தரத் தயங்கும், விடாதீர்கள்.

எல்லோரும் மறக்கும் ஒன்று, பயிற்சியாளர் எழுதித் தரும் ஒரு பக்கம். பந்து நம்மிடம் இருக்கும்போது ஸ்டிரைக்கர் எங்கே நிற்க வேண்டும், பந்து பறிபோன அடுத்த நொடி அவர் என்ன செய்ய வேண்டும் என்று அதில் இருக்க வேண்டும். வாய்மொழியாகக் கேட்டு வைத்துக்கொண்டால் போதாது. பிடித்த வீரரின் பெயர் வந்ததும் வாய்மொழி மாறிவிடும்.

கிளப்புகள் வீரர்களை வாங்கி விற்க அனுமதிக்கப்படும் டிரான்ஸ்ஃபர் காலம் திறப்பதற்கு ஆறு வாரங்களுக்கு முன்பே இவை தயாராக இருக்கட்டும். கடைசி வாரத்தில் தொடங்குபவர் வீரரை வாங்குவதில்லை, பதற்றத்தை வாங்குகிறார்.

1. கோல் எங்கே தொலைகிறது என்று முதலில் பாருங்கள்

கோல் குறைவாக இருப்பதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. வாய்ப்புகள் உருவாகவில்லை, அல்லது உருவான வாய்ப்புகள் வீணாகின்றன. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். மருந்து வேறு வேறு.

இதைப் பிரித்துப் பார்க்க இப்போது எல்லோரும் பயன்படுத்துவது 'எக்ஸ்ஜி' என்ற கணக்கு. தூரம், கோணம், காலால் அடித்ததா தலையால் முட்டியதா என்பவற்றை வைத்து, அப்படிப்பட்ட ஒரு ஷாட் கோலாகும் வாய்ப்பு எவ்வளவு என்று சொல்வது. பெனால்டி ஒன்றுக்கு ஏறக்குறைய முக்கால் கோல். நெருக்கடியில் முப்பது மீட்டரிலிருந்து அடிக்கும் ஷாட்டுக்கு மிகச் சொற்பம்.

38 ஆட்டங்களில் உங்கள் அணியின் எல்லா ஷாட்டுகளையும் கூட்டிய எக்ஸ்ஜி 40, அடித்த கோல் 39 என்று வைத்துக்கொள்வோம். அடிப்பவர்கள் தங்கள் வேலையைச் செய்திருக்கிறார்கள். பந்துதான் அவர்களிடம் போய்ச் சேரவில்லை. இந்த அணிக்கு எவ்வளவு பெரிய ஸ்டிரைக்கரைக் கொண்டுவந்தாலும் அவர் பெனால்டி பகுதியில் தனியாக நின்று கையை விரித்துக்கொண்டிருப்பார். பணம் ஓரத்தில் ஓடி ஆடும் விங்கருக்கோ நடுக்களத்துக்கோ போக வேண்டும்.

எக்ஸ்ஜி 58, கோல் 44 என்றால் கதை வேறு. அப்போதுகூட ஒரு சீசனை மட்டும் வைத்து முடிவுக்கு வராதீர்கள். எதிரணி கோல்கீப்பர்கள் நன்றாக ஆடிய ஆண்டாகவும் அது இருக்கலாம். இரண்டு சீசன்களும் அதே பள்ளத்தைக் காட்டினால் அடுத்த படிக்குப் போகலாம்.

இன்னொரு பொறியும் இருக்கிறது: ஒருவர் கொண்டுவரும் கோல்களை அணியின் பழைய எண்ணிக்கையோடு அப்படியே கூட்டிவிடுவது. பேயர்ன் மியூனிக் 2022-23 சீசனில் ஜெர்மன் லீக்கான பண்டஸ்லிகாவில் 92 கோல் அடித்து, எதிரணிகளிடம் 38 கோல் வாங்கி, பட்டம் வென்றது. 2023 ஆகஸ்டில் முப்பது வயது ஹாரி கேன் வந்தார். லீக்கில் 36 கோல் அடித்தார், குறை சொல்ல ஒன்றும் இல்லை. அந்த சீசனில் அணி அடித்தது 94. முந்தைய ஆண்டைவிட இரண்டுதான் கூடுதல். வாங்கிய கோல் 45 ஆனது. அணி மூன்றாம் இடத்தில் முடித்தது. அந்த 36 இல்லாவிட்டால் இன்னும் கீழே போயிருக்கலாம் என்று வாதிடலாம். நான் சொல்ல வருவது, 92 உடன் 36 ஐக் கூட்டியவர்கள் ஏமாந்தார்கள் என்பதுதான். கேன் பேயர்னுடன் லீக் பட்டம் வென்றது அதற்கடுத்த சீசனில்.

2. பெயர் இல்லாமல் தேவையை எழுதுங்கள்

ஐந்து வரி போதும். எந்த மாதிரி பந்தை வாங்கி எந்த மாதிரி கோல் அடிக்க வேண்டும், பந்து இல்லாதபோது என்ன வேலை, எத்தனை ஆட்டங்களுக்குத் தேவை, எப்போது முதல், எவ்வளவு காலம்.

புதியவர்கள் இங்கே செய்யும் தவறு, முன்பே முடிவான ஒப்பந்தக்காரருக்காக டெண்டர் எழுதுவதுபோல எழுதுவது. "இடது கால், உயரம் 187 செ.மீ.க்கு மேல், சாம்பியன்ஸ் லீக்கில் குறைந்தது 20 கோல்" என்று ஒரு காகிதம் வரும். உலகத்தில் ஒரே ஒருவர்தான் அதில் பொருந்துவார். அவர் யார் என்பது அறையில் எல்லோருக்கும் தெரிந்திருக்கும். எழுதிய ஐந்து வரியில் குறைந்தது நான்கு பேர் பொருந்த வேண்டும். அந்த நால்வரில் ஒருவர் உங்கள் கிளப்பிலேயே இருப்பவராக இருக்கட்டும். ஏன் என்பது அடுத்த படியில் தெரியும்.

3. கோல் எண்ணிக்கையை உரித்துப் பாருங்கள்

ஒரு கூட்டத்துக்கு இளம் பகுப்பாய்வாளர் ஒருவர் ஒரு தாளைக் கொண்டுவந்தார். மேலே பெரிய எழுத்தில் "24 கோல்" என்று இருந்தது. அதற்குக் கீழே நாங்கள் பென்சிலால் எழுதத் தொடங்கினோம். அதில் பெனால்டி 7. எங்கள் அணியில் பெனால்டி அடிக்க ஏற்கெனவே ஆள் இருந்தார். மீதி 17. ஆடிய நேரம் 2,900 நிமிடம். 90 நிமிடத்துக்கு 0.53 கோல். பிறகு எங்கள் சொந்த ஸ்டிரைக்கரின் கணக்கைப் போட்டோம். பெனால்டி இல்லாமல் 11 கோல், 1,900 நிமிடம். 90 நிமிடத்துக்கு 0.52.

அறையில் சிறிது நேரம் யாரும் பேசவில்லை. நாங்கள் பல கோடி கொடுத்து வாங்க இருந்தது நூறில் ஒரு பங்கு கோலை.

இந்தக் கணக்கிலும் ஒரு ஓட்டை உண்டு. அந்தப் பையன்தான் அதைச் சுட்டிக்காட்டினான், அவனுக்கு நன்றி. எங்கள் ஸ்டிரைக்கர் பாதி நேரம் மாற்று வீரராக இறங்கியவர். கடைசி இருபது நிமிடத்தில் தற்காப்பு வீரர்கள் களைத்திருப்பார்கள், இடைவெளி நிறைய கிடைக்கும். ஆகவே தொடக்கத்திலிருந்து ஆடிய நிமிடங்களைத் தனியாகவும் மாற்றாக இறங்கிய நிமிடங்களைத் தனியாகவும் வைத்துத்தான் ஒப்பிட வேண்டும்.

அடுத்தது, ஒரே ஒரு உச்ச சீசனுக்கு விலை கொடுக்காமல் இருப்பது. கோன்சாலோ ஹிகுவாய்ன் இத்தாலியின் நாப்போலியில் லீக்கில் அடித்த கோல்கள்: 2013-14 இல் 17, அடுத்த ஆண்டு 18, 2015-16 இல் 36. யுவென்டஸ் 2016 இல் 9 கோடி யூரோ கொடுத்து வாங்கியது அந்த 36 ஐப் பார்த்த பிறகு. மூன்று ஆண்டுகளின் சராசரியைப் போட்டுப் பாருங்கள், கிட்டத்தட்ட 24 வரும். யுவென்டஸில் முதல் சீசனில் லீக்கில் அவர் அடித்தது சரியாக 24. அடுத்த சீசனில் 16. அவர் ஏமாற்றவில்லை, பட்டங்களும் வந்தன. விலை மட்டும் வேறொரு மனிதருக்கானது.

அதனால் என் வழக்கம் இது: மூன்று சீசன், பெனால்டி நீக்கி, 90 நிமிடக் கணக்கில், எக்ஸ்ஜியை அருகில் வைத்து. எக்ஸ்ஜியைவிடக் கோல் மிக அதிகமாக இருந்தால் மகிழ்வதற்குப் பதில் சந்தேகப்படுங்கள். மூன்று ஆண்டும் அப்படியே இருந்தால் மட்டும் அது திறமை என்று எடுத்துக்கொள்ளலாம்.

4. பந்தை விட்டுவிட்டு ஆளைப் பாருங்கள்

தொலைக்காட்சி கேமரா பந்தின் பின்னால் ஓடும். ஸ்டிரைக்கரோ ஆட்டத்தின் பெரும்பகுதி பந்து இல்லாமல் இருப்பவர். மைதானம் முழுவதும் தெரியும் காணொளியை வாங்கி, ஒரு முழு ஆட்டம் அவரை மட்டும் பாருங்கள். சலிப்பூட்டும் வேலைதான். இதற்கு மாற்று கிடையாது.

மூன்று ஆட்டம் தேர்ந்தெடுங்கள். அவர் அணி வென்றது ஒன்று, தோற்றது ஒன்று, அவரை இடையில் வெளியே எடுத்த ஆட்டம் ஒன்று. கோல் தொகுப்புக் காணொளியைப் பார்க்கவே வேண்டாம். அதில் எல்லோரும் நன்றாகத்தான் ஆடுவார்கள்.

பந்து பறிபோன முதல் மூன்று நொடியை ஒவ்வொரு முறையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒருமுறை நான் பார்த்துக்கொண்டிருந்த ஆட்டத்தில் 63 ஆவது நிமிடம் இது நடந்தது. அவருக்கு வந்த பாஸ் சற்று நீளமாகப் போய், எதிரணியின் நடுத் தற்காப்பு வீரரான சென்டர் பேக்கிடம் சிக்கியது. அவர் நின்றார். இரு கையையும் இடுப்பில் வைத்தார். பாஸ் கொடுத்த பையனைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். அந்த நேரத்தில் சென்டர் பேக் நிதானமாகத் தலை நிமிர்ந்து, நீளமாக ஒரு பந்து போட்டார். இந்தப் பக்கத்து விங்கர் நாற்பது மீட்டர் பின்னோக்கி ஓடினான். அதே காட்சியை அந்த ஆட்டத்தில் ஆறு முறை எண்ணினேன். அந்த விங்கரின் கால்கள்தான் இவருடைய கோலுக்குக் கொடுக்கப்படும் மறைமுக விலை. உங்கள் அணியில் அந்த விலையைக் கொடுக்க ஆள் இருக்கிறதா என்பது கேள்வி.

இப்போது பயிற்சியாளர் எழுதிக் கொடுத்த பக்கத்தை எடுங்கள். முன்னாலிருந்தே எதிரணியை நெருக்க வேண்டும் என்று அதில் இருந்து, வாங்கப்போகிறவர் நின்று வேடிக்கை பார்ப்பவராக இருந்தால், இரண்டில் ஒன்று மாற வேண்டும். இருவரும் மாறமாட்டார்கள் என்பது என் அனுபவம்.

மான்செஸ்டர் யுனைடெட் 2020-21 இல் 73 கோல், 74 புள்ளி, இரண்டாம் இடம். 2021 ஆகஸ்டில் 36 வயது கிறிஸ்டியானோ ரொனால்டோ வந்தார், லீக்கில் 18 கோல் அடித்தார். அணி அடித்தது 57, வாங்கியதும் 57, புள்ளி 58, ஆறாம் இடம். நடு சீசனில் பயிற்சியாளர் மாறினார், தற்காப்பும் சிதறியது. எல்லாப் பழியையும் ஒருவர் தலையில் போடுவது நியாயமில்லை. ஆனால் 18 கோல் அடிப்பவர் வந்தும் அணியின் கோல் 16 குறைந்தது என்றால், மற்றவர்கள் அடித்துக்கொண்டிருந்த கோல்கள் எங்கே போயின என்று கேட்க வேண்டியிருக்கிறது.

எதிர்த்திசையில் ஒரு உதாரணம் ராதமெல் ஃபல்காவோ. முழங்கால் காயத்திலிருந்து மீண்டு 2014-15 இல் லோனில், அதாவது சில காலத்துக்கு மட்டும் இரவலாக, யுனைடெட்டுக்கு வந்தார். லீக்கில் 4 கோல். அடுத்த ஆண்டு செல்சியில் ஒன்று. "முடிந்துவிட்டார்" என்று எழுதினார்கள். 2016-17 இல், இரண்டு ஸ்டிரைக்கர்களை வைத்து ஆடிய மொனாக்கோவில் அதே மனிதர் லீக்கில் 21 கோல் அடித்து, அணித்தலைவராக பிரெஞ்சுப் பட்டத்தைத் தூக்கினார். காயம் ஆற எடுத்த காலம் ஒரு காரணம், பக்கத்தில் யார் ஆடினார்கள் என்பது இன்னொன்று. இரண்டாவதைத்தான் வாங்குபவர்கள் பார்ப்பதில்லை.

5. வயதைக் கேட்காதீர்கள், ஓடிய தூரத்தைக் கேளுங்கள்

முப்பத்துமூன்று வயதில் 4.5 கோடி யூரோ அடிப்படை விலைக்கு 2022 இல் பார்சலோனா போன ராபர்ட் லெவன்டாவ்ஸ்கி முதல் சீசனில் லீக்கில் 23 கோல் அடித்தார். ஸ்பெயினில் அந்த ஆண்டு அதிகக் கோல் அவருடையது, பட்டமும் வந்தது. முப்பதைத் தாண்டியும் ஆடியவர்களைக் காட்டி வாங்கச் சொல்பவர்கள் உண்டு. தாண்டாமல் விழுந்தவர்களைக் காட்டி வேண்டாம் என்பவர்களும் உண்டு. 2006 இல் 29 வயதில் சுமார் 3 கோடி பவுண்டுக்கு செல்சிக்கு வந்த ஆந்த்ரி ஷெவ்சென்கோ இரண்டு சீசன்களில் லீக்கில் அடித்தது ஒன்பதே கோல். பிறந்த தேதியை வைத்து இதில் எதையும் கணித்திருக்க முடியாது.

பார்க்க வேண்டியவை மூன்று. முதலாவது, தொழில்முறையில் ஆடத் தொடங்கியதிலிருந்து கிளப்புக்கும் நாட்டுக்கும் சேர்த்து ஆடிய மொத்த நிமிடம். பதினேழு வயதில் தொடங்கியவரின் முப்பதும், இருபத்திரண்டில் தொடங்கியவரின் முப்பதும் ஒன்றல்ல. இரண்டாவது, கடந்த மூன்று சீசன்களில் அவருடைய உச்ச வேகமும், ஓர் ஆட்டத்தில் எத்தனை முறை முழு வேகத்தில் ஓடுகிறார் என்பதும். உச்ச வேகம் குறையாமல் எண்ணிக்கை மட்டும் குறைந்தால், உடல் சொல்வதைக் கேட்டு அவர் சிக்கனமாக ஆடுகிறார் என்று பொருள், கவலைப்பட வேண்டாம். உச்ச வேகமே குறைந்திருந்தால் யோசியுங்கள். மூன்றாவது, காயங்களின் வகை. மோதலில் ஒடிந்த எலும்பு ஒரு விபத்து. தொடையின் பின்தசை மூன்று முறை கிழிந்திருந்தால் அது பழக்கமாகிவிட்டது.

எப்படி ஆடுபவர் என்பதும் முக்கியம். தற்காப்பின் முதுகுக்குப் பின்னால் ஓடியே பிழைத்தவருக்கு நொடிக்கு அரை மீட்டர் வேகம் குறைந்தாலும் தொழில் போய்விடும். நிற்கும் இடத்தாலும் தலையாலும் உடல் பலத்தாலும் பிழைப்பவர் நீண்ட காலம் தாங்குவார். 34 வயதில் ஏசி மிலானுக்கு வந்த ஒலிவியே ஜிரூ ஒருபோதும் வேகத்தை நம்பியவரல்ல. 2021-22 இல் லீக்கில் 11 கோல் அடித்தார். அவற்றில் இரண்டு, பட்டத்தை உறுதி செய்த கடைசி நாள் ஆட்டத்தில்.

இன்னொன்றையும் மனத்தில் வையுங்கள்: சரிவு பெரும்பாலும் முதல் ஆண்டில் வருவதில்லை. ராபின் வான் பெர்சி 2012 இல் 29 வயதில் நான்காண்டு ஒப்பந்தத்தில் யுனைடெட்டுக்கு வந்தார். முதல் சீசனில் லீக்கில் 26 கோல், கூடவே பட்டம். இரண்டாம் சீசனில் 12. மூன்றாம் சீசனில் 10, பிறகு கிளப்பை விட்டுப் போனார். அந்த ஒரு பட்டத்துக்காக முழுத் தொகையும் தகும் என்றுதான் நான் நினைக்கிறேன். அப்படி நினைப்பதாக இருந்தால், அதை வாங்கும் முன்பே காகிதத்தில் எழுதிவிட வேண்டும்.

6. விலையை மறந்துவிட்டு மொத்தச் செலவைப் போடுங்கள்

செய்தித்தாளில் வருவது டிரான்ஸ்ஃபர் தொகை. கிளப்பை மூழ்கடிப்பது பெரும்பாலும் மற்றவை. ஒரு கற்பனைக் கணக்குப் போடுவோம். வீரருக்கு வயது 31. தொகை 4 கோடி யூரோ, நான்காண்டு ஒப்பந்தம். ஆண்டுச் சம்பளம், வரி உட்பட, 1.2 கோடி. முகவருக்கு 40 லட்சம். கையெழுத்து போனஸ் 60 லட்சம்.

நான்கு ஆண்டுச் சம்பளம் 4.8 கோடி. மொத்தம் 9.8 கோடி. ஆண்டுக்கு 2.45 கோடி. நான்காம் ஆண்டு முடியும்போது அவருக்கு 35 வயது; விற்று எடுக்க ஒன்றும் இருக்காது. "4 கோடி ஸ்டிரைக்கர்" என்று கூட்டத்தில் பேசப்பட்டவரின் உண்மையான விலை அதைப்போல் இரண்டரை மடங்கு.

இதே 4 கோடிக்கு 23 வயதுக்காரர் ஒருவரை வாங்கினால்? ஆண்டுச் சம்பளம் 50 லட்சம், முகவருக்கு 30 லட்சம். மூன்று ஆண்டில் 5.8 கோடி. பிறகு 3 கோடிக்கு விற்றால் நிகரச் செலவு 2.8 கோடி. அவர் சோபிக்காமல் போகும் ஆபத்தும் இருக்கிறது, அதை மறைக்கவில்லை. இரண்டு கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் யாரும் முடிவு சொல்லக் கூடாது என்கிறேன்.

சம்பளத்தில் ஒரு வழுக்குப் பாறை உண்டு. இத்தாலியில் பேசப்படும் தொகை வரி போகக் கையில் கிடைப்பது. இங்கிலாந்தில் வரிக்கு முந்தையது. இத்தாலியில் வாங்கும் எண்ணைக் கையில் கிடைப்பதாகவே இங்கிலாந்தில் தர ஒப்புக்கொண்டால், கிளப் தர வேண்டிய தொகை நீங்கள் நினைத்ததைவிட ஏறக்குறைய இரண்டு மடங்காக வீங்கும். முதல் பேச்சிலேயே எந்தத் தொகையைப் பற்றிப் பேசுகிறோம் என்று தெளிவாகக் கேளுங்கள்.

கணக்குப் புத்தகத்தில் டிரான்ஸ்ஃபர் தொகையை ஒப்பந்த ஆண்டுகளால் வகுத்து ஆண்டுதோறும் செலவாக எழுதுவார்கள். நம் உதாரணத்தில் ஆண்டுக்கு 1 கோடி. இரண்டு ஆண்டில் அவரை 50 லட்சத்துக்கு விற்றால், புத்தகத்தில் மீதமுள்ள 2 கோடிக்கு எதிராக 1.5 கோடி நட்டம் ஒரே ஆண்டில் வந்து விழும். ஒப்பந்தத்தை நீட்டி ஆண்டுச் செலவைச் சிறிதாகக் காட்டும் வித்தை முன்பு நடந்தது. 2023 முதல் ஐந்து ஆண்டுக்கு மேல் பிரித்து எழுத ஐரோப்பியக் கால்பந்து அமைப்பான யூஃபா அனுமதிப்பதில்லை. ஐரோப்பியப் போட்டிகளில் ஆடும் கிளப்புகள் சம்பளம், இப்படி ஆண்டுதோறும் எழுதும் டிரான்ஸ்ஃபர் செலவு, முகவர் கட்டணம் மூன்றையும் சேர்த்து வருமானத்தின் 70 சதவீதத்துக்குள் வைக்க வேண்டும் என்ற விதியும் இருக்கிறது. ஒரு பெரிய சம்பளம் அந்த எல்லையில் எத்தனை சதவீதத்தை விழுங்கும் என்று நிதிப் பிரிவிடம் எழுதி வாங்குங்கள்.

அனுபவத்தை மலிவாகவும் வாங்க முடியும். 2020 செப்டம்பரில் பார்சலோனா 33 வயது லூயிஸ் சுவாரஸை வேண்டாம் என்று அனுப்பியது. அட்லெடிகோ மாட்ரிட் கொடுக்க ஒப்புக்கொண்டது, நிபந்தனைகள் நிறைவேறினால் அதிகபட்சம் 60 லட்சம் யூரோ. அந்த சீசனில் அவர் லீக்கில் 21 கோல் அடித்தார், பட்டம் அட்லெடிகோவுக்குப் போனது. பக்கத்து வீட்டில் யாரை அனுப்பப் பார்க்கிறார்கள் என்று எப்போதும் ஒரு கண் வையுங்கள்.

7. சம்பள ஏணியில் எந்தப் படி?

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். புதியவரின் சம்பளம் இப்போது அதிகம் வாங்குபவரைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் இருந்தால், அடுத்த ஆறு மாதத்தில் மூன்று முகவர்கள் உங்கள் கதவைத் தட்டுவார்கள். அவர்களுக்குக் கொடுக்கப்போகும் உயர்வையும் ஆறாம் படியின் கணக்கில் சேருங்கள். சேர்த்த பிறகும் கட்டுப்படியாகிறது என்றால் மேலே போகலாம்.

8. விலகும் விலையை உறைக்குள் போட்டு ஒட்டுங்கள்

பேச்சுவார்த்தை தொடங்குவதற்கு முந்தைய நாள், இதற்கு மேல் ஒரு யூரோகூடக் கிடையாது என்ற மொத்தச் செலவைத் தாளில் எழுதி, கையெழுத்திட்டு, உறைக்குள் வையுங்கள். நாடகம்போலத் தோன்றும். ஆனால் இரவு பதினொரு மணிக்கு "இன்னும் 30 லட்சம்தானே" என்று யாராவது சொல்லும்போது அந்த உறை மேசை மேல் இருக்க வேண்டும். நான் இருந்த ஒரு கிளப்பில் உறை இருந்தது, யாரும் பிரிக்கவில்லை. எழுதியிருந்த தொகையைத் தாண்டி இருபது சதவீதம் கொடுத்தோம். அந்த வீரர் ஒன்றரை ஆண்டில் லோனில் போனார், அவர் சம்பளத்தில் பாதியை நாங்களே கட்டினோம்.

எப்போது "சரி" சொல்லலாம்? வாய்ப்புகள் உருவாகி வீணாகும் அணி, முதல் ஆண்டிலேயே எட்டக்கூடிய தெளிவான இலக்கு, அவருக்காக ஓட இரண்டு பேர், அவருக்குப் பின்னால் வளரும் ஓர் இளையவர். இந்த நான்கும் இருந்தால் நான் கையெழுத்திடுவேன். ரோமா 2000 இல் 31 வயது கேப்ரியேல் பாட்டிஸ்டுட்டாவை 7,000 கோடி லிரா கொடுத்து வாங்கியது. முதல் சீசனில் லீக்கில் 20 கோல், பட்டம். அடுத்த சீசனில் 6 கோல். அவர்கள் வாங்கியது ஒரே ஒரு ஆண்டை. அதைத் தெரிந்தே வாங்கினார்கள்.

நான்கில் இரண்டு இல்லாவிட்டால் வேண்டாம். மூன்று இருந்து ஒன்று இல்லாவிட்டால் லோனைப் பற்றிப் பேசுங்கள்.

9. ஒப்பந்தத்தில் எது முன், எது பின்

முதலில் கடிதம். வீரருடன் பேசுவதற்கு முன் அவருடைய இப்போதைய கிளப்புக்கு எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும் என்பது ஃபிஃபா விதி. அந்த கிளப்பின் சம்மதம் இல்லாமல், ஒப்பந்தம் முடிந்துவிட்டவருடனோ, ஆறு மாதத்துக்குள் முடியப்போகிறவருடனோதான் கையெழுத்திட முடியும். முகவரிடம் "சும்மா" பேசிப் பார்ப்பதாகத் தொடங்கி, பிறகு புகாரில் சிக்கியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது மருத்துவப் பரிசோதனை. கையெழுத்துக்குப் பிறகு அல்ல, முன்பு. "பரிசோதனையில் தேறினால் மட்டும் செல்லும்" என்று ஒப்பந்தத்தில் எழுதினால் அந்த நிபந்தனை செல்லாது. ஃபிஃபா விதி அப்படித்தான். புதியவர்கள் தடுக்கி விழும் முதல் இடம் இது. 2000 இல் ரூட் வான் நிஸ்டல்ரோயின் முழங்காலில் சந்தேகம் வந்து யுனைடெட் பின்வாங்கியது. சில நாளில் பயிற்சியின்போது அதே முழங்காலின் தசைநார் அறுந்தது. அவர் குணமடையும் வரை காத்திருந்து, 2001 இல் 1.9 கோடி பவுண்டுக்கு வாங்கினார்கள். மருத்துவர் சொன்னதைக் கேட்டவர்கள் ஆளையும் இழக்கவில்லை.

மூன்றாவது, கால அளவு. இரண்டு ஆண்டு உறுதி, மூன்றாவது ஆண்டு நிபந்தனையோடு என்பது நான் விரும்பும் அமைப்பு. நிபந்தனையை ஆட்டங்களின் எண்ணிக்கையில் வைக்காதீர்கள். 25 ஆட்டம் என்று வைத்தால், 24 ஆட்டம் ஆடியதும் ஏப்ரலில் யாரோ பயிற்சியாளரின் காதில் "25 ஆவதில் இறக்க வேண்டாம்" என்று கிசுகிசுப்பார்கள், வீரருக்கும் அது தெரியும், அணியின் உடைமாற்றும் அறையே கெட்டுப்போகும். தொடக்கத்திலிருந்து ஆடிய நிமிடங்களின் சதவீதத்தை இரண்டு சீசனுக்கும் சேர்த்து வையுங்கள். சம்பளத்தில் ஒரு பகுதியையும் அதே அளவுகோலில் கட்டுங்கள். ஆர்சனல் 2020 இல் 31 வயது ஒபமெயாங்குக்குப் பெரிய சம்பளத்தில் மூன்றாண்டு நீட்டிப்பு கொடுத்தது. முந்தைய சீசனில் லீக்கில் 22 கோல் அடித்தவர் அடுத்ததில் 10 அடித்தார். 2022 தொடக்கத்தில், ஒப்பந்தம் இன்னும் ஓராண்டுக்கு மேல் மீதியிருக்கும்போதே, பேசி முடித்துப் பிரிந்தார்கள்.

கடைசியாகக் காகிதம். பன்னாட்டு டிரான்ஸ்ஃபர் என்றால் இரு கிளப்பும் ஃபிஃபாவின் மின்னணு அமைப்பில் ஒரே விவரத்தை ஏற்ற வேண்டும். 2017 இல் லெஸ்டர் சிட்டி அத்ரியென் சில்வாவின் ஆவணங்களை 14 நொடி தாமதமாக ஏற்றியது. அவர் ஜனவரி வரை ஆட முடியவில்லை. விற்கும் கிளப்புக்குப் போகும் தொகையில் 5 சதவீதம், வீரரை 12 முதல் 23 வயதுவரை வளர்த்த கிளப்புகளுக்கு ஒற்றுமைப் பங்காகப் போக வேண்டும். அது பேசிய தொகைக்குள் அடங்குமா, மேலே கூடுதலா என்று எழுதாமல் விட்டுவிட்டு, 4 கோடியில் 20 லட்சத்துக்குச் சண்டை போட்டுக்கொண்டிருப்பார்கள்.

கையெழுத்தான மறுநாளே இரண்டு விஷயங்களைத் தீர்த்துவிடுங்கள். பெனால்டி யார் அடிப்பது என்பதைப் பயிற்சியாளர், இதுவரை அடித்தவரையும் புதியவரையும் ஒன்றாக உட்காரவைத்துச் சொல்ல வேண்டும். மைதானத்தில் பந்தைப் பிடித்து இழுக்கும்போது சொல்லக் கூடாது. பெஞ்சில் உட்காரப்போகும் பத்தொன்பது வயதுப் பையனுக்கு இந்த சீசனில் எத்தனை நிமிடம் என்று ஒரு எண் சொல்லுங்கள். நாங்கள் 900 என்று சொன்னோம். அவன் அந்த எண்ணைத் தன் அலமாரிக் கதவின் உட்பக்கத்தில் எழுதி வைத்து, ஒவ்வொரு ஆட்டத்துக்குப் பிறகும் கழித்துக்கொண்டே வந்தான்.